ஒரு ‘யை’ விட்டுப்போன செய்தி

எங்கள் வீட்டுக்குள் சின்னப் பேப்பர் நுழையக் கூடாது என்று இவர் சட்டம் போட்டிருந்தார். சின்னப் பேப்பர் என்றால் அளவிலும் சின்னது. பெரிய பேப்பரைப் பிரித்துப் படிக்க இரண்டு கைகளையும் அகல விரிக்க வேண்டும். இதை ஒரு கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் டீ குடிக்கலாம். முதல் பக்கத்தில் ஒரே ஒரு தலைப்பு, தெருவின் அந்தக் கோடியிலிருந்தே படித்துவிடலாம். யாராவது யாரையாவது வெட்டியிருப்பார்கள், இல்லையென்றால் யாராவது யாருடனாவது ஓடியிருப்பார்கள். “அது பேப்பரே இல்ல, பக்கத்து வீட்டுச் சண்டை” என்பார் இவர்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகில் கயிறு போடுகிற வேலை. படகு துறையை நெருங்கும்போது கயிற்று வளையத்தை வீசிக் கரையில் நட்டிருக்கும் கட்டையில் மாட்ட வேண்டும், இழுத்து நிறுத்த வேண்டும், ஆட்களை ஒவ்வொருவராக இறக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு தடவை, பத்தொன்பது வருஷமாக. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன மனுஷன். ஆனால் பெரிய பேப்பரை முதல் பக்கத்துத் தேதியிலிருந்து கடைசிப் பக்கத்தில் அச்சகத்து முகவரி வரைக்கும் ஓர் எழுத்து விடாமல் படிப்பார். ஏலம், டெண்டர், காணவில்லை, எதையும் விட மாட்டார். “டெண்டர் எடுக்கப் போறீங்களா?” என்று நான் சீண்டினால், “அச்சுல வந்ததப் பாதியில விடக் கூடாது” என்பார். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பேப்பர் எங்கள் வீட்டுக்கு வந்ததே என் அண்ணன் வழியாகத்தான். அவன் அங்கே புரூஃப் பார்க்கிறவன். அச்சுக்குப் போகும் முன்னால் பக்கத்தைத் தனித்தாளில் எடுத்துக் கொடுப்பார்கள். அதிலிருக்கும் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துவான். இருபத்தாறு வருஷத்தில் அவன் பார்த்த பக்கத்துக்கு ஒரு தடவைகூட மறுநாள் ‘திருத்தம்’ என்று போட நேர்ந்ததில்லையாம். இதை எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவனே மாதம் ஒரு தடவை சொல்லிவிடுவான். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். ஒற்று விட்டால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும். அண்ணனை ‘அவன்’ என்று எழுதுவதைக் கோபம் என்று நினைக்க வேண்டாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோபம் வேறு, அது பின்னால் வரும்.

திருத்தி முடித்த தாள்களைக் கட்டாகக் கட்டி வாரம் ஒரு தடவை கொண்டுவந்து போடுவான், இல்லையென்றால் அண்ணியிடம் கொடுத்தனுப்புவான். நான் வேலை பார்க்கும் தையல் கடையில் அதை வைத்து அளவு வெட்டுவோம். மிச்சம் என் சமையலறை அலமாரிக்கு விரிப்பு. என் தட்டும் டம்ளரும் அண்ணனுடைய சிவப்பு மையின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். இவருக்கு அதில் கொள்ளைப் பெருமை. வருகிறவர்களிடம், “மச்சான் பேனா படாம அந்தப் பேப்பர் வெளிய போவாது” என்று சொல்லிவிட்டு அலமாரியைக் கை காட்டுவார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்கால் படகு. அதில் தினமும் வருகிறவர் ஒரு போஸ்ட்மேன். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் எல்லாருக்கும் அவர் போஸ்ட்மேன்தான். அக்கரையில் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவார். துறையில் நீருக்குமேல் நீட்டியிருக்கும் மேடையில் இரண்டாவது பலகை உளுத்துப்போயிருந்தது. அதை மாற்றச் சொல்லி இவர் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றையும் எழுதியது நான்தான், கையெழுத்து மட்டும் இவர். போஸ்ட்மேன் கால் வைத்ததும் பலகை முறிந்து, மேடைக்கும் படகுக்கும் நடுவே உள்ளே போய்விட்டார்.

இவர் கயிற்றைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்து அவர் கையைப் பிடித்தார். ஈரக் கை. படகு ஆடி ஆடி மேடையில் மோதியது. இன்னொரு ஆள் ஓடிவந்து பிடிப்பதற்குள் கை நழுவிவிட்டது. சட்டையோடு குதித்தார். மூன்று முறை முங்கி, மூன்றாவது முறை தூக்கிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போஸ்ட்மேனுக்கு உயிர் போய்விட்டது.

துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து இவர் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். “கைய விட்டுட்டேன், கைய விட்டுட்டேன்.” நழுவிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தட்டு கீழே விழுந்தால்கூட ‘விழுந்துடுச்சு’ என்று சொல்லத் தெரியாது, ‘போட்டுட்டேன்’ என்றுதான் வரும்.

ஆஸ்பத்திரி நடையில் போஸ்ட்மேனின் மகள் வந்து இவர் எதிரில் நின்றாள். மருந்துக் கடையின் நீல மேலங்கியைக் கழற்றாமலே ஓடி வந்திருந்தாள். இவருடைய ஈரக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். “நீங்க குதிச்சீங்கன்னு சொன்னாங்கண்ணா. கடைசியில அப்பா தனியா இல்ல. எனக்கு அது போதும்” என்றாள். இவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அன்று வீட்டுக்கு நடந்துவந்தார்.

மத்தியானம் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சின்னப் பேப்பர்காரர். கழுத்தில் கேமரா, கையில் ஹெல்மெட். காலையிலேயே துறைக்கு வந்து இவர் அழுததையெல்லாம் படம் பிடித்துவிட்டாராம். இன்னும் இரண்டு வார்த்தை வேண்டுமாம். அதற்குள் செய்தி கேட்டு வந்திருந்த அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு, “இங்க ஒண்ணும் இல்ல, கிளம்புங்க” என்று விரட்டிவிட்டான். உள்ளே வந்து இவர் தோளில் கை வைத்தான்.

“மாப்பிள, அவன்கிட்ட வாயத் திறந்தீங்க, உங்கள வித்துடுவான். எங்க பேப்பர்ல முறையா வரட்டும். எங்க நிருபர ஃபோன்ல பேசச் சொல்றேன், நடந்தத அப்படியே சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

“நீங்க இருக்கும்போது எனக்கென்ன மச்சான்” என்றார் இவர். இதை நான் காதால் கேட்டேன், அதனால் எழுதுகிறேன்.

நிருபர் ஒரு சின்னப் பெண். வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறதாம். இவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்டினாள். ஃபோன் சத்தம் எனக்கும் கேட்டது. “‘கையை விட்டுவிட்டேன்’னு எழுதியிருக்கேன் சார், சரிதானே? நீங்க குதிச்சதும் எழுதியிருக்கேன், பலகைக்கு எழுதிக் குடுத்ததும் எழுதியிருக்கேன்.” இவர் “சரிம்மா, சரிம்மா” என்றார்.

புதன்கிழமை காலை முதலில் கண்ணில் பட்டது சின்னப் பேப்பர்தான். கடை வாசலில் தொங்கிய தட்டியில், ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்தில்: ‘கைய விட்டுட்டேனே!’ கீழே இவர் வாயைத் திறந்து அழுகிற படம். எனக்கு மானம் போய்விட்டது. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கித் தையல் பைக்குள் ஒளித்து வைத்தேன். உள்ளே படித்தால் வண்டி வண்டியாகப் புளுகு. படகில் இருந்தது பதினாலு பேர், இவர்கள் ‘நாற்பது உயிர்கள் ஊசலாடின’ என்கிறார்கள். இவருக்கு வயது ஐம்பத்தொன்று, அதில் முப்பத்தெட்டாம், கட்டுமஸ்தான உடம்பாம். துறையில் பேய் நடமாட்டம் உண்டா என்று கட்டம் கட்டி ஒரு பெட்டிச் செய்தி வேறு. ஆனால் குதித்தது இருந்தது. மூன்று முறை முங்கியது இருந்தது. உளுத்த பலகை, உடைந்த இடத்துக்கு வட்டம் போட்டுப் படத்தோடு இருந்தது.

பெரிய பேப்பரை இவர் வழக்கம்போல முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். நான் பொறுமை இழந்து, “அஞ்சாம் பக்கம் பாருங்க” என்றேன். ஐந்தாம் பக்கத்தில், கீழ்மூலையில், ஒற்றைப் பத்தியில் எட்டே வரி. நேரம் சரி, படகில் இருந்தவர்கள் பதினாலு பேர் என்பது சரி, போஸ்ட்மேன் வயது சரி, இவர் வயது சரி. ஒரு புளுகு கிடையாது. பலகையைப் பற்றி ஒன்றும் இல்லை. குதித்ததைப் பற்றியும் இல்லை. கடைசி வரி இப்படி இருந்தது: ‘பயணியைக் காப்பாற்ற முயன்றபோது “கைவிட்டுவிட்டேன்” என்று படகு ஊழியர் கூறினார்.’

நான் இரண்டு தடவை படித்தேன். கையை விடுவதும் கைவிடுவதும் ஒன்றா? ஒன்று விரல் வழுக்குவது. இன்னொன்று, கட்டிய பெண்டாட்டியை நடுத்தெருவில் விட்டுப் போகிறவன் செய்வது. நடுவில் இருந்த ஒரு ‘யை’யைக் காணோம்.

இவர் அன்றைக்கு அந்தப் பேப்பரை ஐந்தாம் பக்கத்தோடு மடித்து வைத்துவிட்டார். அதற்கு முன்னால் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பதினொரு மணிக்குப் படகுத்துறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்துவிட்டுப் போனான். கடிதத்தில் காரணம் போட்டிருந்தார்கள்: ‘பயணியைக் கைவிட்டதாகத் தாங்களே ஒப்புக்கொண்டதாகப் பத்திரிகைச் செய்தி வெளியாகியுள்ளதால்.’

வியாழக்கிழமை போஸ்ட்மேனின் மகள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கைப்பையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். எங்கள் பேப்பர்தான், அந்த எட்டு வரி.

“இது நீங்க சொன்னதா? கைவிட்டுட்டேன்னு நீங்களே சொன்னீங்களா?”

இவர் எழுந்து நின்றார். “கையத்தாம்மா விட்டேன்” என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் காதில் அது ‘ஆமாம்’ என்று விழுந்திருக்கிறது. நான் குறுக்கே விழுந்து விளக்கப் பார்த்தேன். “வேற பேப்பர்னா நம்ப மாட்டேன்க்கா. இதுல பொய் போட மாட்டாங்களே” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு இவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அந்தப் பெண் பிடித்துக்கொண்ட கையை உதறிவிட்டுப் போனதை எங்கே போய்த் தேடுவது?

வெள்ளிக்கிழமை விசாரணை. நீண்ட மேசை, தலைக்குமேல் சத்தம் போடும் மின்விசிறி. என்னையும் உள்ளே விட்டார்கள். நான் சின்னப் பேப்பரைப் பையிலிருந்து எடுத்து அதிகாரி முன்னால் வைத்தேன். அவர் அதைக் கையால்கூடத் தொடவில்லை, பேனா நுனியால் ஓரமாகத் தள்ளினார்.

“இதையெல்லாம் ஃபைல்ல வெக்க முடியாதும்மா. பேய் இருக்குன்னு எழுதியிருக்கான்.”

“அய்யா, இவர் சொன்ன வார்த்தை இதுலதான் சரியா இருக்கு.”

“அப்ப அந்தப் பேப்பர் தப்பா?” என்று பெரிய பேப்பரைத் தட்டினார். “சரி, அவங்களே தப்புன்னு திருத்தம் போடட்டும், நான் ஏத்துக்கறேன். பத்து நாள் டைம் தரேன். இல்லன்னா இதுல இருக்கறத வெச்சுத்தான் எழுதுவேன்.”

வெளியே சின்னப் பேப்பர்காரர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எனக்கு இருந்த எரிச்சலை அவர்மேல் கொட்டினேன். பேய் எங்கேயிருந்து வந்தது, நாற்பது உயிர் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“கூட்டித்தாங்க்கா எழுதுவோம், இல்லன்னா எவன் வாங்கறான்? ஆனா ஒருத்தர் வாயிலருந்து வந்தத மட்டும் மாத்த மாட்டோம். அதவிட நல்லா எங்களால எழுத முடியாது.”

அன்று சாயங்காலமே அண்ணனைக் கூப்பிட்டோம். வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து, செய்தியை முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான்.

“இது அந்தப் பொண்ணு பண்ண வேலை. புதுசு பாருங்க, எழுத்து சுத்தம் கிடையாது. அது குடுத்தது அப்படியே போயிருக்கு.”

“திருப்பிப் படிச்சுக் காட்டினாளே அண்ணா. ‘கையை’ன்னு சொன்னத நானே கேட்டேன்.”

“ஃபோன்ல சொல்றது வேற, டைப் அடிக்கறது வேற. நான் ஆசிரியர்கிட்ட பேசிப் பாக்கறேன். உடனே நடக்காது, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல” என்று சொல்லி எழுந்துவிட்டான். நான் கொடுத்த டீயை அவன் தொடவே இல்லை. இவர் தெருமுனை வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். “மச்சான் பாத்துக்குவார்” என்றார் என்னிடம்.

சனிக்கிழமை அண்ணி வந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. மேசைக்கு அடியில் இருந்த தாள் கட்டை வழக்கம்போலத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். “உங்க அண்ணன் இந்த வாரம் குடுக்க மறந்துட்டாருன்னு நானே எடுத்துட்டு வந்தேன்” என்றாள். அவள் போனதும், மனசு சரியில்லாதபோது நான் செய்கிற காரியத்தைச் செய்தேன். அலமாரியைக் காலி செய்து துடைத்துப் பழைய தாளை எடுத்துப் புதுசு விரிக்கத் தொடங்கினேன். மூன்றாவது தாள், ஐந்தாம் பக்கம், புதன்கிழமைத் தேதி.

அந்தப் பெண் அடித்துக் கொடுத்தது பதினெட்டு வரி. பலகை இருந்தது, இவர் குதித்தது இருந்தது. இடம் போதாது என்று யாரோ பென்சிலால் பத்து வரியைச் சுற்றி வெட்டியிருந்தார்கள். அதற்குக்கூட நான் சமாதானம் ஆகியிருப்பேன். கடைசி வரியில் அச்சில் அழகாக, ‘“கையை விட்டுவிட்டேன்” என்று கதறினார்’ என்று இருந்தது. அதன்மேல் சிவப்பு மை. ‘யை’யை அடித்து, இரண்டு சொல்லையும் சேர்க்கச் சொல்லிப் பிறை மாதிரி ஒரு வளைவு. ‘கதறினார்’ அடிபட்டு ‘கூறினார்’. ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: ‘கைவிடு – ஒரே சொல். பிரிக்கக் கூடாது.’ அந்த ‘டு’வின் வால் எனக்குத் தெரியும். அதைப் பார்த்து எழுதித்தான் நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன்.

தாளை இவரிடம் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை, பக்கத்திலிருந்த குளிர்சாதனப் பெட்டி விளம்பரம் உட்பட, முழுசாகப் படித்தார். “மச்சான் தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டார்” என்றார். பிறகு, “கேட்டா ஒத்துக்குவார்” என்றார். தாளைத் திரும்ப அலமாரியில் விரித்து, அதன்மேல் தட்டுகளைத் தானே அடுக்கினார்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பேப்பர் ஆபீசுக்குப் போனேன். புரூஃப் பார்க்கிற அறையில் நாலு சாய்வு மேசைகள். ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முற்றுப்புள்ளி, காற்புள்ளியைக்கூட வாய்விட்டுச் சொல்கிறார்கள். என்னைக் கண்டதும் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து மாடிப்படிக்குக் கூட்டிப் போனான்.

“தாளப் பாத்துட்டேன் அண்ணா” என்றேன்.

அவன் கைப்பிடிச் சுவரைத் தடவினான். “எல்லா நிருபரும் ஒரே சொல்லப் பிரிச்சுப் பிரிச்சு எழுதித் தருவாங்க. சேத்துச் சேத்துக் கை பழகிடுச்சு. வாக்கியத்தக்கூடப் படிக்கல, சொல்லத்தான் பாத்தேன்.”

“சரி, தப்பு நடந்துடுச்சு. அதுக்கு நான் சண்டைக்கு வரல. எப்ப தெரிஞ்சுது உனக்கு?”

படியில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

“புதன்கிழமை காலையிலயே தெரிஞ்சுதா?”

“திருத்தம் போட்டா, யார் பாத்த பக்கம்னு பதிவேட்டுல ஏறும்” என்றான். “அடுத்த மாசம் என்னைத் தலைமைப் பொறுப்புல போடப் போறாங்க. இருபத்தாறு வருஷம்மா. ஒரு கறை கிடையாது. யோசிச்சுப் பாரு, அர்த்தம் அப்படி ஒண்ணும் பெரிசா மாறலையே.”

தப்பு செய்ததைக்கூட நான் மன்னித்துவிட்டேன், சத்தியமாக. கை பழகிவிட்டது என்றான், அது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, முதல் தடவை பார்ப்பது மாதிரி பார்த்தானே, அது எனக்கு ஆறவே இல்லை. வாசலில் நின்று சின்னப் பேப்பர்காரரை விரட்டியவன் இவன். உங்களை விற்றுவிடுவான் என்று இவரை எச்சரித்தவன் இவன். கூடப் பிறந்தவனே கழுத்தறுத்தான் என்று யாராவது சொல்லும்போது, கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது தெரிகிறது, அவர்கள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

“இந்தச் சனிக்கிழமைக்குள்ள திருத்தம் வரணும்” என்றேன். “வரலன்னா அந்தத் தாள் உன் ஆசிரியர் மேசையில இருக்கும்.”

“தாள் எங்க இருக்கு?” என்றான். அதைத்தான் கேட்டான்.

“என் தட்டுக்கு அடியில” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணன் வந்தான். முகம் தெளிந்திருந்தது. பேப்பரை ஏழாம் பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து, இவர் கையில் பரிசு கொடுக்கிற மாதிரி கொடுத்தான். “வந்துடுச்சு மாப்பிள. போராடித்தான் வாங்கினேன். திங்கக்கிழமை இத அப்படியே அதிகாரிகிட்ட காட்டுங்க, வேலை திரும்பக் கிடைச்சுடும்.”

டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே ஒரு கட்டம். இவர் சத்தமாகப் படித்தார்.

‘திருத்தம்: கடந்த வாரம் புதன்கிழமை வெளியான படகுத்துறை விபத்துச் செய்தியில் “கைவிட்டுவிட்டேன்” என்பதைக் “கையை விட்டுவிட்டேன்” எனத் திருத்தி வாசிக்கவும். செய்தியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இப்பிழைக்கு வருந்துகிறோம்.’

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போன வேலை, போஸ்ட்மேன் மகள், துறையில் இவர் மறுபடி கயிறு வீசுவது, எல்லாம் ஒன்றாக நெஞ்சில் வந்து மோதியது. இவர் முகத்தில் மட்டும் எதுவும் இல்லை. மறுபடி ஒரு தடவை படித்தார், இந்தத் தடவை வாய்க்குள்ளேயே.

“அந்தப் பொண்ணு என்ன ஆச்சு மச்சான்?”

“எந்தப் பொண்ணு?”

“ஃபோன்ல பேசிச்சே. திருப்பிப் படிச்சுக் காட்டிச்சே.”

“ஓ, அதுவா. நேத்தோட நிறுத்திட்டாங்க. சின்ன வயசுதானே, வேற எங்கயாவது பாத்துக்கும்.”

எனக்கு அப்போதுதான் அந்த இரண்டாவது வாக்கியம் உறைத்தது. என் சந்தோஷத்தில் நான் அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். வெட்கமாக இருந்தது. “ஏன் அண்ணா, உன் தலைக்கு வந்ததத் தூக்கி அவ தலையில வெச்சியா?” என்றேன். “இல்லன்னா திருத்தமே வந்திருக்காது, உன் புருஷனுக்காகத்தான் செஞ்சேன்” என்றான். இவருக்காகவாம். இதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை. உண்மையாகவே அப்படி நம்பியிருக்கிறான்.

இவர் பேப்பரை மடித்து அவனிடமே நீட்டினார்.

“மச்சான், இதுலயும் ஒரு பிழை இருக்கு.”

அண்ணன் பதறிப் போனான். “இதுலயா? எங்க?” என்று வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான்.

இவர் சமையலறைக்குப் போனார். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. தாளோடு வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டார். “ஆசிரியரப் பாத்துட்டு அப்படியே மருந்துக் கடைக்கும் போயிட்டு வரேன்” என்று என்னிடம் சொன்னார். திங்கட்கிழமை விசாரணை என்ன ஆகும், திருத்தத்தையே திரும்ப வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று என் வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு, தாள் கசங்காமலிருக்க என் தையல் பையை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே சின்னப் பேப்பர் இருந்தது. அதையும் வெளியே எடுக்காமல் அப்படியே தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அண்ணன் தலை நிமிரவில்லை. பேனா நுனியை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, உதட்டை அசைத்துக் கடைசிவரை படித்தான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

“ஒற்றெல்லாம் சரியாத்தானே இருக்கு” என்றான்.